நாலாம் மாடியில் கல் கட்டிய புடலை

1

எங்கள் கட்டடத்து நோட்டீஸ் போர்டில் புதிதாக ஒரு விதி ஏறியிருக்கிறது. லிஃப்டில் சைக்கிள் ஏற்றக் கூடாது, மாடிப்படியில் செருப்பு ஸ்டாண்ட் வைக்கக் கூடாது என்கிற பழைய விதிகளுக்குக் கீழே, மராத்தியில் ஒரு தரம், இங்கிலீஷில் ஒரு தரம்: எந்த ஜன்னலிலிருந்தும் கயிற்றிலோ நூலிலோ கல் கட்டித் தொங்கவிடக் கூடாது. பம்பாய் முழுக்க எத்தனை ஆயிரம் கட்டடம் இருக்கும்! இப்படி ஒரு விதி எங்கள் கட்டடத்தில் மட்டும்தான் இருக்கும். அது என்னால் வந்தது.

லிஃப்டுக்குக் காத்து நிற்கும்போது என் மகள் ஜெனி அதைச் சத்தம் போட்டு வாசித்துக் காட்டினாள். "மம்மி, நீ ஃபேமஸ் ஆயிட்ட." பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே கொண்டு வைக்கவென்று தெரியவில்லை.

ஊரிலுள்ள நீங்கள் போன் பண்ணும்போதெல்லாம் கேட்கிறீர்கள், "பம்பாய்ல தோட்டம் போட்டிருக்கியாமே, எங்கன இருக்கு எடம்?" என்று. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிட்டு வைத்துவிடுவீர்கள். எழுதினால் கடைசி வரைக்கும் கேட்டுத்தானே ஆகவேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து முன்னே பின்னே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம் ஜாஸ்தி. வீட்டைப் பூட்டி ரோட்டுக்கு வந்த பிறகு, கேஸை மூடினோமா என்று திரும்பப் போய்ப் பார்ப்பேன். மகள் ஆபீஸிலிருந்து வரக் கால் மணி பிந்தினால், ரயிலில் என்னென்ன ஆகலாமோ அத்தனையும் என் மனசில் ஆகி முடிந்திருக்கும். இந்தக் கதையில் நடந்த கூத்துக்கும் பாதிக் காரணம் என் பயம்தான்.

2

தாராவியில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தோம். ரோட்டை அகலப்படுத்த எங்கள் வரிசை வீடுகளை எடுத்துக்கொண்டு, பதிலுக்குச் செம்பூர்ப் பக்கம் இந்தக் கட்டடத்தில் நாலாவது மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை. ரேஷன் கார்டில் என் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. இரண்டும் ஒரே பொம்பளைதான் என்று ஆபீஸ் ஆபீஸாக நிரூபித்து முடிப்பதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. ஒரு ஆபீசர் என்னைப் பார்த்து, "அந்த இன்னொரு அம்மா எங்கே?" என்று கேட்டார். வீட்டுக்காரர் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். "அந்த இன்னொருத்தி வந்திருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்" என்பார்.

தாராவி வீட்டில் ஜன்னலே கிடையாது. இங்கே ஜன்னல் உண்டு; ஜன்னலுக்கு வெளியே பெட்டி மாதிரி ஒரு கம்பிக்கூடும் உண்டு. பாக்ஸ் கிரில் என்பார்கள். ஒன்றரை முழம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். மற்ற வீடுகளில் அதற்குள்ளே பழைய சூட்கேஸ், ஓடாத டேபிள் ஃபேன், பிள்ளைகள் ஓட்டி முடித்த மூன்று சக்கரச் சைக்கிள் என்று கிடக்கும். நான் தோட்டம் போட்டேன். எங்கள் குடும்பத் தோட்டம் என்று நான் சொல்வது இந்தக் கம்பிக்கூட்டைத்தான்.

மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் போட்டு மீன் வருகிற தெர்மாகோல் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, கழுவிக் கழுவி வெயிலில் வைத்து, மண்ணும் தேங்காய் நாரும் அடுக்களைக் கழிவும் போட்டு நிரப்பினேன். அரைக்கீரை வந்தது. மிளகாய் வந்தது. கருவேப்பிலை ஒரு பெயின்ட் வாளியில் நின்றது. கத்தரி இரண்டே இரண்டு காய்த்தது; சாம்பாரில் போட்டு, சாப்பிடும்போது மூன்று பேரும் கரண்டி விட்டுத் தேடினோம். கீரை மட்டும் குறை வைக்கவில்லை. சாயங்காலம் கிள்ளி, பூண்டு தட்டிப் போட்டுக் கடைந்தால், சட்டியிலிருந்து கிளம்புகிற வாசனைக்கு ஜெனி கூட போனைக் கீழே வைப்பாள்.

கிரில் பாரம் தாங்காமல் உடைந்து யார் தலையிலாவது விழுந்துவிட்டால்? தினமும் காலையில் வெல்டிங் வைத்த இடத்தையெல்லாம் விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவேன்.

மழை தொடங்குகிற சமயத்தில் மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் பழுத்துச் சிவந்து வெடித்த புடலங்காய் ஒன்றைக் குப்பைக்கூடையில் போடப் போனார். கேட்டேன்; கொடுத்துவிட்டார். அந்த விதைதான்.

3

புடலைக்கும் எனக்கும் பழைய பகை உண்டு. அப்பா களக்காட்டுக்குப் பக்கத்தில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் புடலைப் பந்தல் போட்டிருந்தார். எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதின கையோடு என்னை நிறுத்தியது அந்தப் பந்தலுக்காகத்தான். புழு பொறுக்க வேண்டும், தண்ணீர் கட்ட வேண்டும், பிஞ்சு வளையாமல் நேராக இறங்குவதற்கு நுனியில் கல் கட்டித் தொங்கவிட வேண்டும். குனிந்துகொண்டே வேலை பார்த்துவிட்டு நிமிர்ந்தால் கல் வந்து நெற்றியில் இடிக்கும். என் வயசுப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் போவது பந்தல் இடுக்கு வழியே தெரியும். எனக்கு அந்தக் கொடியைப் பார்த்தாலே எரிச்சல் வரும். கல்யாணமாகிப் பம்பாய்க்கு வந்தபோது, இனிமேல் காய் என்றால் கடைக்காய்தான் என்று சந்தோஷப்பட்டவள் நான்.

அத்தனை வருஷம் அந்தப் பந்தலுக்குக் கீழே கிடந்தும் புடலைப் பூ விரிந்து நான் பார்த்ததில்லை. நம்புவீர்களா? அது பொழுது சாய்ந்த பிறகு விரிகிற பூ. நாங்கள் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்போம். காலையில் வரும்போது நனைந்த காகிதம் மாதிரிச் சுருண்டு கிடக்கும். பூ என்றாலே அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

இங்கே செம்பூரில், நாலாவது மாடியில், ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் காய்ந்த துணி எடுக்க ஜன்னலுக்குப் போனேன். கொடி கிரில் முழுக்க ஏறியிருந்தது. ஒரு மொட்டு என் கண்முன்னாலேயே அவிழ்ந்தது. வெள்ளை இதழ். இதழின் ஓரத்திலிருந்து நூல் நூலாக, சுருள் சுருளாக, யாரோ உட்கார்ந்து லேஸ் பின்னி வைத்த மாதிரிப் பிரிந்து விரிந்துகொண்டே போனது. நான் துணியைப் பிடித்தபடியே நின்றேன். கீழே ஹைவேயில் பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன. இது பாட்டுக்கு விரிகிறது. மெல்லிய ஒரு வாசனை வேறு.

"ஏங்க, இங்க வாங்களேன்!"

வீட்டுக்காரர் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து ஓடிவந்தார். தாராவியில் தோல் பைப் பட்டறையில் கட்டிங் மாஸ்டர் அவர். நூல் வேலையைப் பார்த்தால் கண் நிற்கும். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எந்த மிஷின்லயும் இப்படி வராது" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிசு.

அடுத்து ஒரு கவலை வந்தது எனக்கு. பூ விரிந்தால் போதுமா? காய் பிடிக்கப் பூச்சி வர வேண்டாமா? இந்தப் புகையிலும் சத்தத்திலும் எந்தப் பூச்சி நாலு மாடி ஏறி வரும்? மறுநாள் சாயங்காலம் அதற்கென்றே காத்திருந்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய அந்துப்பூச்சி வந்தது. எங்கிருந்து வந்ததோ! உட்காரவே இல்லை. அந்தரத்தில் நின்றபடியே பூவுக்குள் குழாய் மாதிரி எதையோ நீட்டிக் குடித்துவிட்டு அடுத்த பூவுக்குப் போனது. இத்தனை லட்சம் ஜன்னலில் இந்த ஜன்னலை அதற்கு யார் காட்டினார்கள்? ஆண்டவரே என்று வாயைத் திறந்தவள், எத்தனை நேரம் மூடாமல் இருந்தேனோ.

4

வெளிக்கம்பியில் ஒரு பிஞ்சு பிடித்தது. சுண்டுவிரல் நீளம். கூடவே அது வளையவும் தொடங்கியது. என் கை யோசிக்கவே இல்லை. கல் கட்டிவிட்டது.

கட்டின பிறகுதான் பயம் வந்தது. நாலு மாடி உயரத்தில் கல். நூல் அறுந்தால்? அதனால் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து பை தைக்கிற நைலான் நூல் வாங்கிக்கொண்டு வந்தேன். கறுப்பு நூல், யானை இழுத்தாலும் அறாது. அதிலே கட்டினேன். அப்படியும் அறுந்து விழுந்தால் யார் மண்டையும் உடையக் கூடாதே என்று, கல்லைப் பழைய துணியில் பொட்டலம் மாதிரிச் சுற்றிக் கட்டினேன். பிஞ்சு ஒடிந்துவிடக் கூடாதென்று நூலை ஒரு முழம் நீளமாக விட்டேன். இலையில் பூச்சி வந்தது. தாராவியில் விறகு அடுப்பு வைத்துப் பாவ் ரொட்டி சுடுகிற பேக்கரியிலிருந்து சாம்பல் வாங்கிவரச் சொல்லி, மழை விட்ட காலை நேரங்களில் இலையெல்லாம் தூவினேன்.

ஒவ்வொன்றும் நல்லதுக்குத்தான் செய்தேன். இப்போது நீங்கள் ஒரு மாடி கீழே இறங்கி, அந்த வீட்டு ஜன்னலிலிருந்து மேலே பாருங்கள்.

5

கீழ்வீட்டில் சுமன் தாயி குடும்பம். தாயி என்றால் மராத்தியில் அக்கா. அவருடைய மருமகள் ஸ்நேஹல், ஜெனியைவிட இரண்டு மூன்று வயசு மூத்தவள். கருவேப்பிலை கேட்டு முதலில் மேலே வந்தாள். பிறகு சும்மாவே வந்து, கிரில் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து கீரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. இப்போது இரண்டாவது; ஐந்து மாதம் ஆகியிருந்தது. "டர் லக்தா ஹை, ஆன்ட்டி" என்று ஒரு நாள் சொன்னாள். பயமாக இருக்கிறதாம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையாம். பயப்படுகிறவளுக்குப் பயப்படுகிறவளை அடையாளம் தெரியும் போலிருக்கிறது.

அந்தப் பெண் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். லிஃப்டில் எதிரே பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர்கள் வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் புதிதாகத் தொங்கியது. ஐயோ, பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டதோ? கேட்கவும் பயம், கேட்காமலிருக்கவும் பயம்.

கணபதி கரைத்து முடிந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். ஜெனி ஆபீஸிலிருந்து வந்து சாப்பிடும்போது போனைப் பார்த்துவிட்டு, "மம்மி, பில்டிங் குரூப்ல பாரு. க்யா ஹை யே, என்னது இது?" என்று நீட்டினாள்.

போட்டோ. ஒரு ஜன்னலின் மேல் தகர ஓரத்திலிருந்து கறுப்பு நூல் ஒன்று இறங்குகிறது. நூல் முனையில் துணிப் பொட்டலம்.

"செய்வினைல்லா இது! நம்ம கட்டடத்துக்கு எவனோ வச்சிருக்கான். ஏங்க, கதவப் பூட்டுங்க. ஜெபம் பண்ணணும்." சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி நான், எனக்கே அப்படி நடுங்குகிறது.

வீட்டுக்காரர் போனை வாங்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். பட்டறைக் கண். "நூலு எங்க பட்டறை நூல் மாரி இருக்கு" என்றார். பிறகு, "துணில நீலப் பூப் போட்டிருக்கு பாரு. நம்ம ஜெனியோட பழைய தலகாணி உறைல்லா இது?"

மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்தோம். பிறகு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். ஜெனிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "மம்மி, நீயே சூனியம் வச்சிட்டு நீயே ஜெபம் பண்றியா!"

ஆனால் குரூப்பில் வந்திருந்த மற்றதையெல்லாம் அவள் படிக்கப் படிக்கச் சிரிப்பு நின்றுவிட்டது. போட்டோ போட்டது ஸ்நேஹலின் புருஷன்; கூடவே இப்படி எழுதியிருந்தான். நாலைந்து நாளாக இது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிவருகிறது. ஜன்னல் விளிம்பில் சாம்பல் விழுகிறது. பித்ருக்களுக்கான பட்சம் தொடங்கிவிட்டது. இந்த நேரத்தில் யாரோ கரணி பண்ணியிருக்கிறார்கள். கரணி என்றால் நம்முடைய செய்வினைதான். வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள், சாப்பிடவில்லை, தூங்கவில்லை, நாளைக்குக் காலையில் அவளை டோம்பிவிலிக்கு அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் விடப் போகிறேன். அவர்கள் ஜன்னலுக்கு மேலே தகரம் போட்டிருப்பதால் கொடியும் தெரியவில்லை, காயும் தெரியவில்லை. கல் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. நாளை மறுநாள் ஒவ்வொரு வீட்டு கிரில்லையும் வந்து பார்ப்பேன் என்று கட்டடத்துச் செக்ரட்டரி கீழே எழுதியிருந்தார்.

டாக்டர் அவளுக்கு ரயில் பிரயாணம் கூடாது என்று சொல்லியிருந்தார். அது எனக்குத் தெரியும். என் முக்காலியில் உட்கார்ந்துதான் சொன்னாள். டோம்பிவிலி ரயிலில் காலை நேரத்துக் கூட்டம் எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

"இப்பமே நூல அறுத்துப் போடு. ஒண்ணுந் தெரியாத மாரி இரி" என்றார் வீட்டுக்காரர். "செக்ரட்டரி வந்தா வெறும் கீரையக் காட்டு. சவத்துக்கு எதுக்கு வம்பு?"

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டேன். நூலையும் பிடித்துவிட்டேன். அப்போது யோசனை ஓடியது. விடிந்ததும் அவள் பார்ப்பாள். பொட்டலம் இருக்காது. நானாக இருந்தால் என்ன நினைப்பேன்? நிம்மதியாக இருப்பேனா? வைத்தவர்கள் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் நினைப்பேன். இனிமேல் வயிற்றில் ஒரு சின்ன வலி வந்தாலும் அவளுக்கு அந்தப் பொட்டலம்தான் ஞாபகம் வரும். பிரசவம் வரைக்கும் வரும்.

பயத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கத்தரிக்கோலைத் திரும்ப அடுக்களையில் வைத்துவிட்டேன்.

6

காலையில் ஜெனியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கீழே போனேன். கூடத்தில் பை கட்டி வைத்திருந்தது. சுமன் தாயி கதவைப் பாதி திறந்து, "ஜெனிச்சி ஆயி, இப்போ வேண்டாம். மகன் கடைக்குப் போயிருக்கான், வந்ததும் கிளம்பணும்" என்றார். எப்போதும் ஜெனியின் அம்மா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் குரல் வேறாக இருந்தது.

படியிறங்கும்போது ஹிந்தியில் என்னென்னவோ அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "வோ... வோ மேரா ஹை" என்று மட்டும் வந்தது. அது என்னுடையது!

உள்ளே கதவோரம் நின்றிருந்த ஸ்நேஹல் "ஆயி!" என்று மாமியாரைக் கூப்பிட்டபடி பின்னால் போனாள். சுமன் தாயியின் முகம் கறுத்துவிட்டது.

"மம்மி! அப்படியா சொல்றது?" ஜெனி என்னை ஒதுக்கிவிட்டு மராத்தியில் கடகடவென்று தொடங்கினாள். தமிழில் நாலு வரி வாசிக்கத் திணறுகிற பிள்ளை. அதை நினைத்து நான் படாத கவலை இல்லை. அன்றைக்கு அவள் பேசின மராத்தியைக் கேட்டு, எங்கே கற்றுக்கொண்டாள் இதையெல்லாம் என்று மலைத்துப்போய் நின்றேன்.

"காய்க்குக் கல்லா?" என்றார் சுமன் தாயி நம்பாமல்.

"வந்து பாருங்க தாயி. தயவு செய்து பாருங்க."

நாலைந்து நாளாக மூடி வைத்திருந்த திரையை அவர் விலக்கினார். கண்ணாடியைத் தள்ளினார். ராத்திரி இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்ததால், பொட்டலத்துக்கும் நூலுக்கும் மேலே, தகர விளிம்பிலிருந்து இப்போது காயின் வாலும் தெரிந்தது. இளம்பச்சை. அதில் வெள்ளை வெள்ளையாக வரி. அவர்கள் கிரில் வழியாக நான் கையை நீட்டிப் பொட்டலத்தையும் நூலையும் காயிலிருந்து அவிழ்த்துப் பிரித்தேன். உள்ளே உடைந்த கடப்பாக் கல் துண்டு. அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

சுமன் தாயி கல்லைப் பார்க்கவில்லை. வாலைப் பார்த்தார். "அக பாயி! பட்வள் ஆஹே ஹே!" என்றார். புடலங்காய்க்கு அவர்கள் ஊர்ப் பெயர் பட்வள். தலையில் கை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "சாம்பல்?" என்றார். பூச்சிக்கு என்றேன். "கறுப்பு நூல்?" வீட்டுக்காரர் பட்டறை நூல் என்றேன். "துணி?" யார் தலையிலாவது விழுந்தால் வலிக்கக் கூடாதென்று சுற்றினேன் என்றேன். அதைக் கேட்டதும் அவருக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் திட்டினார். "மனுஷங்க நடமாடுற எடத்துக்கு மேல கல்லக் கட்டுவாங்களா? உனக்குப் பைத்தியமா?" எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும் என்று இருந்தது எனக்கு.

ஸ்நேஹல் மட்டும் சிரிக்கவில்லை. கதவோரத்திலிருந்தே சொன்னாள். "பொய், ஆன்ட்டி. நான் தினமும் திரையை விலக்கிப் பார்த்தேன். நேத்து ராத்திரி அங்க இருந்துச்சு, காலைல இங்க இருக்கு. ஒரு காய் எப்படி ஒரே ராத்திரில இவ்வளவு வளரும்? நூலை நீங்கதான் இறக்கியிருப்பீங்க."

அவள் கேட்டதில் தப்பே இல்லை. எனக்கே அது நம்புகிற மாதிரி இல்லை. அப்பா பந்தலில் எத்தனை நூறு காய் இப்படி இறங்கியிருக்கும்! ஒரு தடவைகூட எனக்கு இந்தக் கேள்வி வரவில்லை. காலையில் வந்தால் நீண்டிருக்கும்; பறித்துக் கூடையில் போடுவோம். இந்தப் பெண்தான் அதைச் சரியாகப் பார்த்திருக்கிறாள். பார்க்கிறவள் பயப்படத்தான் செய்வாள்.

"இப்ப கல் இல்ல. நூலும் இல்ல" என்றேன். "நாளைக் காலை வரைக்கும் இங்கேயே இரு. நாங்க யாரும் தொடல. நீயே அடையாளம் வச்சுப் பாரு."

"இறங்கலைன்னா?"

"இறங்கும்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் மாமியாரைப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து நகப்பூச்சுக் குப்பியை எடுத்து வந்து, வாலின் நுனி எங்கே நிற்கிறதோ அதற்கு நேரே ஜன்னல் கண்ணாடியில் சிவப்பாகக் கோடு போட்டாள். பையிலிருந்து ஒரு மாற்றுடுப்பை வெளியே எடுத்து வைத்தார் சுமன் தாயி.

7

அன்று பகல் முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. இதோடு வளர்ச்சி நின்றுவிட்டால்? கல்லை எடுத்ததால் சுருண்டுகொண்டால்? என்னைப் பழிவாங்க இதுதான் சமயம் என்று அந்தக் கொடிக்குத் தோன்றிவிட்டால்? நான் அதைத் திட்டின திட்டெல்லாம் கொஞ்சமா! வேரில் தண்ணீர் ஊற்றினேன். கூடிப்போனால் அழுகிவிடும் என்று பெட்டியைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தேன். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, அதை விடுட்டி. அதுக்கு வேலை தெரியும்" என்றார்.

காலையில் காபி வைக்கும்போது போன் அடித்தது. ஸ்நேஹல். "ஆன்ட்டி" என்றாள். மற்றதைக் கேட்க நான் நிற்கவில்லை. தலையைக்கூட வாராமல் படியில் இறங்கி ஓடினேன்.

ஜன்னல் திறந்திருந்தது. சிவப்புக் கோட்டைத் தாண்டி வால் கீழே வந்திருந்தது. ஸ்நேஹல் கோட்டுக்கும் நுனிக்கும் நடுவே தன் கையை வைத்துக் காட்டினாள். கட்டைவிரலைத் தவிர மற்ற நாலு விரலும் அதற்குள் அடங்கின. அந்த இடம் முழுக்க நேற்று இந்த உலகத்தில் இல்லை. புதுசு. மண்ணும் தண்ணீரும் வெயிலும் சேர்ந்து, எங்களுக்குத் தெரியாமல் ஒரே நாளில் வந்தது.

அவள் ஒரு விரலால் அதைத் தொட்டாள். பட்டு மாதிரிப் பொடிப்பொடியாய் முடி இருக்கும் அதில்.

"இவ்வளவு வளர்ந்தும் சத்தமே போடல, ஆன்ட்டி" என்றாள்.

நானும் தொட்டுப் பார்த்தேன். எனக்கு அந்த நேரம் பயம் இல்லை. அதை நான் கவனித்ததே கொஞ்ச நேரம் கழித்துத்தான். பயம் இல்லாமல் இருப்பது எனக்கு அவ்வளவு பழக்கமில்லாத சங்கதி.

பத்து மணிக்குச் செக்ரட்டரி வந்தார். மேலே, கீழே என்று இரண்டு வீட்டிலும் பார்த்தார். செடி கொடி எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும் என்றார். நான் பேசுவதற்குள் சுமன் தாயி குறுக்கே வந்துவிட்டார். "காய்கறி தொங்கினா உங்களுக்கு என்ன நஷ்டம்? கல்லு தொங்கக் கூடாது, அவ்வளவுதானே? அதை எழுதி ஒட்டுங்க!" செக்ரட்டரி எழுதி ஒட்டிவிட்டார். அந்த விதி வந்த கதை இதுதான். டோம்பிவிலிப் பை திரும்ப அலமாரிக்குப் போய்விட்டது.

8

முற்றிவிடுவதற்குள் அந்தக் காயைப் பறித்தோம். மேலே கிரில் வழியாக நான்தான் இழுத்தேன். ஜெனியின் தோள் உயரம் இருந்தது. பாதியாக வெட்டி ஒரு பாதியைக் கீழே கொடுத்தேன். வெட்டின உடனே இரண்டு முனையிலும் ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பச்சையாகக் கடித்துப் பார்த்தேன். கசந்தால் சமைக்கக் கூடாது. அதிலும் பிள்ளைத்தாய்ச்சி சாப்பிடப் போகிறாள். கசக்கவில்லை. சந்தேகத்துக்கு இன்னொரு துண்டும் கடித்தேன். "மம்மி, சமைக்க மிச்சம் வை" என்றாள் ஜெனி.

சுமன் தாயி கடலைப் பருப்பை ஊறவைத்து, கடுகு தாளித்து, அவர்கள் வீட்டு மசாலாவும் துளி வெல்லமும் போட்டு வதக்கிக்கொண்டு வந்தார். நான் மேலே படிந்த வெள்ளையைக் கத்தியால் சுரண்டி, உள்ளே இருந்த பஞ்சை எடுத்துவிட்டு, வளையம் வளையமாக நறுக்கிப் பாசிப்பருப்போடு வேகவிட்டு, தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் அரைத்துவிட்டுக் கூட்டு வைத்தேன். மிளகாயும் எங்கள் கிரில்லில் காய்த்ததுதான். இறக்கும்போது தேங்காய் எண்ணெயில் கருவேப்பிலை பொரித்துப் போட்டேன். எங்கள் வீட்டுத் தரையில் ஐந்து பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஸ்நேஹலின் புருஷன் வேலைக்குப் போயிருந்தான். அவனுக்குத் தனியாக எடுத்துவைத்தோம்.

வீட்டுக்காரர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "செய்வினைக் கூட்டு நல்லாருக்கு" என்றார். ஜெனி அதை மராத்தியில் சொன்னாள். சுமன் தாயிக்குப் புரையேறிவிட்டது.

ஸ்நேஹல் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதைப் பார்க்கக் கூடாது, கண் பட்டுவிடும் என்று நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் காதில் விழுந்ததே, கூட்டுக் கரண்டியை அவளே எடுக்கிற சத்தம்.

9

அதே கொடியில் இரண்டாவது காய் வந்தது. விதி வந்துவிட்டதே, கல் கட்டவில்லை. அது தன் இஷ்டத்துக்கு வளைந்தது. கொஞ்ச தூரம் இறங்கி, பக்கவாட்டில் திரும்பி, கீழ்வீட்டு கிரில் கம்பிக்குள் நுழைந்து, அவர்கள் ஜன்னலுக்கு உள்ளேயே போய்விட்டது. மேலேயிருந்து இழுத்தால் ஒடிந்துவிடும். காம்பை மேலே நான் வெட்ட வேண்டும். காயைக் கீழே அவள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நேற்றுக் காலையில் வெட்டினோம். ஸ்நேஹலுக்கு இப்போது ஆறு மாதம் முடிகிறது. கிரில்லுக்குள் தலையை நுழைத்து எட்டிப் பார்த்தேன். தகரத்துக்குக் கீழிருந்து அவள் இரண்டு கை மட்டும் தெரிந்தது. கண்ணாடி வளையல் போட்ட கைகள். காயைச் சுற்றிப் பிடித்திருந்தன.

"சரியா பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன், ஆன்ட்டி."

"கனமா இருக்கும். எட்டிக் குனியாதே. ஈரமா இருந்தா வழுக்கும். தாயியைக் கூப்பிடேன்."

"வேண்டாம்."

"பக்கா?"

"பக்கா, ஆன்ட்டி. சோடோ. மைனே பகட் லியா." விடுங்கள், பிடித்துக்கொண்டேன் என்கிறாள்.

காம்பில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு தரம் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. வெட்டினேன். என் கையிலிருந்து கனம் போய்விட்டது. காது கொடுத்தேன். கீழே எதுவும் விழுகிற சத்தம் கேட்கவில்லை.